நாற்பது நிமிடம் அம்மாவின் எதிரே: ஸ்டோரிகார்ப்ஸ் செயலி குறித்த மதிப்புரை

அம்மாவுடன் நாள்தோறும் பேசுகிறவர்களுக்குக்கூட அம்மாவின் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்திருப்பது மிகச் சொற்பம். மாத்திரை போட்டாயிற்றா, மின்கட்டணம் கட்டியாயிற்றா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு அன்றாடத்தில் தொடங்கி அன்றாடத்திலேயே முடிந்துவிடுகிறது. இருபது வயதில் அவர் எதற்கு ஆசைப்பட்டார், யாரைக் கண்டு பயந்தார், எந்த முடிவை அவராக எடுத்தார், எது அவர்மேல் சுமத்தப்பட்டது என்பதைக் கேட்க நேரம் அமைவதே இல்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே இப்போது பல பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன: கேள்விகளை அச்சிட்டு விடைக்கு இடம் விட்ட குறிப்பேடுகள், வாரம் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பி ஆண்டு முடிவில் விடைகளைப் புத்தகமாக்கித் தரும் சேவைகள், குரலைப் பதிவு செய்யும் செயலிகள். இந்த மூன்று வகைகளையும் அம்மாவுடன் பயன்படுத்திப் பார்த்த பிறகு, ஸ்டோரிகார்ப்ஸ் என்னும் இலவசச் செயலியை மட்டுமே முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன். அது பிள்ளையை அம்மாவின் எதிரே உட்கார வைக்கிறது. மற்ற இரண்டு வகைகளும் அந்த வேலையிலிருந்து பிள்ளையை விடுவிப்பதையே வசதி என்று விற்கின்றன.

ஸ்டோரிகார்ப்ஸ் லாப நோக்கமற்ற ஓர் அமெரிக்க நிறுவனம். வானொலிக்கு ஆவண நிகழ்ச்சிகள் தயாரித்துவந்த டேவ் ஐசே 2003இல் இதைத் தொடங்கினார். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அதைத் திறந்துவைத்தவர், உழைக்கும் மக்களின் வாய்மொழிகளைக் கேட்டுப் பதிவு செய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த ஸ்டட்ஸ் டெர்கல். அப்போது அவருக்கு வயது 91. ஒருவரையொருவர் அறிந்த இருவர் அந்தக் கூடத்துக்குள் சென்று 40 நிமிடம் பேசுவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து கருவிகளைக் கவனித்துக்கொள்வார். பேசி முடித்ததும் ஒரு பிரதி அவர்களுக்குக் கிடைக்கும். அவர்கள் சம்மதித்தால் இன்னொரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள நாட்டார் வழக்காற்று மையத்துக்குப் போகும். ஐசேவுக்கு 2015இல், உரை நிகழ்ச்சிகள் நடத்தும் டெட் (TED) அமைப்பின் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது, அந்தத் தொகையைக் கொண்டு இதே முறையைக் கைப்பேசிச் செயலியாக மாற்றினார்கள். அதன் பிறகு கூடத்தைத் தேடிப் போகத் தேவையில்லாமல் போயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செய்தியாளர் ஒருவர் வந்து கேள்வி கேட்கட்டும் என்று இவர்கள் முதலிலேயே முடிவு செய்திருக்கலாம். இன்னும் கோவையான நேர்காணல்கள் கிடைத்திருக்கும். ஆனால் கேட்கிறவர் சொல்கிறவருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஒரு முடிவிலிருந்துதான் செயலியின் நல்ல குணங்கள் எல்லாம் வருகின்றன.

பயன்படுத்துவது எளிது. தலைப்புவாரியாகத் தொகுக்கப்பட்ட கேள்விகளிலிருந்து வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நம்முடைய கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு ஓடும்போது கேள்விகள் திரையில் இருக்கும். முடிவில் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றை முந்தைய நாளே நம் வீட்டுப் பேச்சில் எழுதிச் சேர்த்துவிடுவது நல்லது.

நாற்பது நிமிடம் என்ற கால அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடங்கள் இருவருடைய கூச்சத்திலுமே போய்விடும். அம்மா குரலைச் சற்று உயர்த்தி, யாரோ மூன்றாம் மனிதருக்குச் சொல்வதுபோலச் சொல்வார். அதற்குப் பின்புதான் உடம்பு தளர்ந்து, குரல் இறங்கி, பேச்சு பேச்சாகிறது. இருபது நிமிடத்தில் நிறுத்தினால் அந்த நல்ல பகுதி கிடைக்காது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வயதானவர்கள் களைத்துவிடுகிறார்கள். மேசைமேல் பதிவு ஓடிக்கொண்டிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. “இதையெல்லாம் இப்போ எதுக்குக் கேட்கிறே?” என்பது எந்த அம்மாவும் கேட்கக்கூடிய கேள்வி. “பதிவு பண்ணி வைக்கணும்மா” என்பது அதற்குப் போதுமான பதிலாக இருக்கிறது. இல்லாவிட்டால் பாதிப் பேச்சில் அவர் ஏதோ வேலையை நினைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பதிவு ஓடும்போது எழுவதில்லை. தன் வாழ்க்கை பதிவு செய்யத்தக்கது என்று பிள்ளை நினைப்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். பெண்கள் பலருக்கு இந்த மரியாதை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை என்பதால், இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்பதில்தான் பயன்படுத்துகிறவரின் பொறுப்பு இருக்கிறது. வாழ்க்கையில் கற்ற முக்கியமான பாடங்கள் எவை, பிறர் உங்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற பெரிய கேள்விகள் இவ்வகைப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் உண்டு. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போதாமல் விட்டுப்போனாலும் இழப்பில்லை. பெரிய கேள்விக்கு மனிதர்கள் பெரிய சொல் ஒன்றைப் பதிலாகத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் முதலில் வாங்கிக் கொடுத்திருந்த குறிப்பேடு ஒன்றில் வாழ்க்கைப் பாடம் பற்றிய கேள்விக்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அம்மா எழுதியிருந்தது ஒரே சொல்: பொறுமை.

அதே அம்மாவிடம், செயலியைப் போட்டுவிட்டு, வேலைக்குப் போன முதல் நாள் கையில் என்ன கொண்டுபோனார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கையிலயா? பெரியம்மாவோட வாட்ச் கட்டிக்கிட்டுப் போனேன். அதோட பட்டை எனக்குப் பெருசு, நழுவிக்கிட்டே இருக்கும், முழங்கை வரைக்கும் ஏத்தி ஏத்தி விட்டுக்குவேன்” என்றார். சொல்லும்போதே இடது கையில் இல்லாத கடிகாரத்தை வலது கையால் மேலே தள்ளினார். அந்தக் கடிகாரம் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுக்கப் போனதாகவும், நேரம் பார்த்துப் போக வேண்டிய இடம் தனக்கு எதுவும் இல்லை, நீயே வைத்துக்கொள் என்று பெரியம்மா சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு பேசவில்லை. நானும் பேசவில்லை. பதிவில் அந்த இடைவெளி நீளமாகவே இருக்கிறது. அதன்பின் அம்மா, “ரெண்டு பேரையும் படிக்க வைக்க வசதி இல்லைன்னு அவளை நிறுத்திட்டாங்க. அவ நின்னதாலதான் நான் படிச்சேன். அதை அவகிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்லை” என்றார்.

பொறுமை என்ற சொல்லுக்குள் அவர் எதை வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஒரு கடிகாரத்தைப் பற்றிய கேள்வி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அது எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாத கேள்வி. அதற்கு முந்தைய பதிலைக் காதால் கேட்டவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. வாரம் ஒரு கேள்வி அனுப்பும் மின்னஞ்சல் சேவையை நான் கைவிட்டதற்குக் காரணமும் இதுதான். அம்மா ஒரு வாரம் தன் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரைப் பற்றி எழுதி, அவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார் என்று முடித்திருந்தார். ஏன், என்ன நடந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அடுத்த வாரம், பிடித்த வண்ணம் எது என்ற கேள்வி வந்து சேர்ந்தது. தன் விடையை யாரும் படிக்கவில்லை என்ற எண்ணம் அம்மாவுக்கு வந்துவிட்டது. அது நியாயமான எண்ணமும்கூட. புத்தகம் அழகாகத்தான் அச்சாகி வந்தது. அதைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அதில் இருக்கும் அம்மா, பொதுவில் வைக்கத் தகுந்ததை மட்டும் தேர்ந்து எழுதிய அம்மா.

எழுத்தில் மனம் திறக்கிற அம்மாக்களும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். நேரில் பேசக் கூச்சப்படுகிற, கடிதம் எழுதியே பழகியவர்களுக்குக் குறிப்பேடு நன்றாகவே பயன்படலாம். அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு அதைப் பற்றி அவரிடம் பேச வேண்டும். வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்பது என்பதற்கு உளவியல் ஆய்வுகள் நல்ல வழிகாட்டுகின்றன. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகளே மற்றக் காலங்களைவிட அதிகமாக வருகின்றன என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட ஒன்று. முதன்முதலாக நிகழ்பவை பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் நிகழ்கின்றன. தான் யார் என்பதை ஒருவர் வகுத்துக்கொள்வதும் அப்போதுதான். பிள்ளைகளாகிய நமக்கோ அம்மாவின் வரலாறு நம் பிறப்பிலிருந்து தொடங்குகிறது. அவருடைய நினைவு மிகச் செறிவாக இருக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதி, நாம் அவரைப் பார்க்காத ஆண்டுகள். ஆகவே கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மைப் பற்றிய கேள்விகளை, நான் குழந்தையாக எப்படி இருந்தேன் என்பது போன்றவற்றை, முதல் நாளில் தவிர்த்துவிடுவது நல்லது. அவற்றைக் கேட்டால் அம்மா மகிழ்ச்சியுடன் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். நாற்பது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

முதியவர்கள் பழையதைப் பேசுவது அறிவு தளர்வதன் அடையாளம் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரையில், அது வாழ்வின் பின்பகுதியில் இயல்பாக நடக்கும் ஒரு திரும்பிப் பார்த்தல் என்று வாதிட்டார். அவருடைய கருத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதில் பாதியையே சொல்கிறார்கள். இப்படித் திரும்பிப் பார்ப்பது சிலருக்கு அமைதியைத் தரும், சிலருக்குக் குற்ற உணர்வையும் பெருந்துயரத்தையும் கிளப்பும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற அவசரத்தில் கேள்விகளுடன் உட்காருகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறந்துபோன குழந்தை, முறிந்த திருமணம், அடி வாங்கிய ஆண்டுகள் போன்றவை எந்தக் கேள்வியின் ஓரத்திலிருந்தும் எழுந்து வரலாம். அம்மா பேச்சை மாற்றினால் நாமும் மாற வேண்டும். அழுதால் உடனே ஆறுதல் சொல்லி நிறுத்திவிட வேண்டியதில்லை. நிறுத்தட்டுமா என்று கேட்டுவிட்டு அவர் சொல்கிறபடி செய்யலாம். பேச்சு முடிந்தவுடன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், சற்று நேரம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். கிளறிவிட்டதை அவர் தனியே வைத்துக்கொண்டு அன்றிரவு படுத்திருக்கக் கூடாது.

குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன என்பதை எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் எங்கே வளர்ந்தார்கள், எப்படிச் சந்தித்தார்கள் என்பவை போன்ற 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை அவர்கள் உருவாக்கினார்கள். அவற்றுக்கு விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. இந்த முடிவைப் படித்துவிட்டு விடைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாமே என்று நினைத்தவர்களுக்கு டியூக்கே பதில் சொன்னார்: விடைகளைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அந்தப் பயன் வருவதில்லை, கதை சொல்லப்படுகிற, கேட்கப்படுகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இருப்பதே காரணம். ஒரு பதிவோடு இந்தச் செயலியை மூடிவிடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவே. கடிகாரம் பற்றிப் பேசிய நாளுக்குப் பிறகு அம்மா, நான் எதுவும் கேட்காதபோதே, வேறு வேலையாக இருக்கும்போது, “அன்னைக்கு ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு” என்று தொடங்குகிறார். அப்படி வருபவை பல நேரங்களில் பதிவில் இருப்பவற்றைவிடச் சிறந்தவை. அவற்றைப் பதிவு செய்ய நான் முயல்வதில்லை.

செயலியில் செய்த பதிவை ஸ்டோரிகார்ப்ஸின் பொதுக் காப்பகத்தில் ஏற்றுவது பற்றி எனக்குத் திட்டமான கருத்து உண்டு. பல லட்சம் பேரின் குரல்களைச் சேர்த்து வைத்திருப்பது ஸ்டோரிகார்ப்ஸின் பெருமை. அந்தத் தொகுப்பில் மற்றவர்களுடைய அம்மாக்கள் பேசுவதைக் கேட்பதே நல்ல பயிற்சி. எந்தக் கேள்விக்குப் பின் குரல் மாறுகிறது, கேட்கிறவர் எங்கே குறுக்கிட்டுக் கெடுத்துவிடுகிறார் என்பதெல்லாம் நாலைந்து பதிவுகளைக் கேட்டாலே பிடிபட்டுவிடும். ஆனால் நம் அம்மாவின் பதிவை ஏற்றுவதா என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். பேசுவதற்கு முன்னால் வாங்கிய சம்மதம் போதாது. பேசி முடித்து, அதை அவருக்குப் போட்டுக் காட்டி, மறுபடியும் கேட்க வேண்டும். அவர் கதையில் வருகிற பிறருக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் பதிவில் பெரியம்மாவைப் பற்றிய பகுதி இருப்பதால் அது வீட்டோடு இருக்கிறது. அந்தப் பகுதியை அம்மாவே ஒருநாள் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினால் எனக்கு மகிழ்ச்சி; அதை நான் செய்ய மாட்டேன்.

பதிவின் தரத்துக்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்து, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, அம்மாவின் வாயிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் மெத்தென்ற துணியின்மேல் வைத்தால் போதும். சுவர்கள் வெறுமையாக உள்ள பெரிய அறையைவிடக் கட்டிலும் திரைச்சீலையும் உள்ள சிறிய அறையில் எதிரொலி குறைவாக இருக்கும். முதலில் அரை நிமிடம் பேசி, பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் ஒலிக்கோப்பை வேறு இரண்டு இடங்களிலாவது சேமித்து, பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். தொலைபேசி மாறும்போது தொலைந்துபோகிற முதல் பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

தூரத்தில் இருக்கிறவர்களுக்காக, இருவர் காணொளி அழைப்பில் பேசிப் பதிவு செய்யும் வசதி ஒன்றை ஸ்டோரிகார்ப்ஸ் 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், தொடங்கியது. நேரில் உட்கார முடியாதபோது இது நல்ல மாற்று. அழைப்பில் மௌனம் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று இருவருமே பதறுவோம் என்பதால், நான் பேசாமல் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள் என அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அம்மாவுக்கு நினைவு தளரத் தொடங்கியிருந்தால் நாற்பது நிமிடம் என்ற அளவை விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் போதும், அதுவும் அவர் தெளிவாக இருக்கும் வேளையில். கேள்விக்குப் பதிலாக ஒரு பழைய படத்தையோ அவர் நெடுநாள் பயன்படுத்திய பொருளையோ கையில் கொடுத்துப் பேசவிடலாம். பெயர்களையோ ஆண்டுகளையோ மாற்றிச் சொன்னால் அந்த இடத்தில் திருத்த வேண்டாம். சரியானவற்றைப் பதிவுக்கான குறிப்பில் பிறகு எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.